நோட்டும் பேனாவும் போதும்: அன்றாட நிம்மதிக்கு ஸ்டோயிக் பயிற்சியையும் உளவியலையும் சேர்த்துத் தொடங்குபவர்களுக்கு

"மனசு சரியில்லை, ஏதாவது செய்தாகணும்" என்று இணையத்தில் தேட ஆரம்பித்தால் வந்து விழுவதில் பாதி பொன்மொழி, மீதி கட்டண வகுப்பு. எதை முதலில் செய்வது, எத்தனை வாரம் செய்வது, எவ்வளவு செலவாகும், எந்த நிலையில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. நான் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுக்கி, செய்து பார்த்து, தேறாததைத் தள்ளி, ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வெகுகாலம் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கப் போவதில்லை. காலையில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி தலையணை வரைக்கும் கூடவே வருவது குறையும். கோபம் வந்தாலும் கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைக்கும். சாயங்காலக் காபியை வேறு எதையும் நினைக்காமல் குடிக்க முடியும். எனக்கு இவ்வளவுதான் கிடைத்தது, அதுவே பெரிய விஷயம்.

ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவத்தின் பயிற்சியையும் இன்றைய உளவியலையும் ஏன் சேர்க்க வேண்டும் என்றால், அவை ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. அடிமையாகப் பிறந்து ஆசிரியரான எபிக்டீட்டஸ், மனிதர்களைக் கலக்குவது நடந்த சம்பவம் அல்ல, அதைப் பற்றி அவர்கள் செய்துகொள்ளும் முடிவுதான் என்று சொன்னார். 1950களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் தங்கள் சிகிச்சை முறைகளை உருவாக்கினார்கள், இதன் வேர் ஸ்டோயிக்குகளிடம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். இன்று சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை) என்று கவுன்சிலிங் அறைகளில் சொல்லப்படுவது அந்த வழியில் வந்ததுதான். வரலாறு இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

1. முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள் (பத்து நிமிடம், செலவில்லை)

பயிற்சி தொடங்குமுன், மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்புங்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது, இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. ஒன்பது கேள்விகள், எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை: எதிலும் ஆர்வம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, சோர்வு உண்டா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27.

கூட்டிப் பாருங்கள். 5க்குக் கீழே என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, 5 முதல் 9 வரை லேசான அறிகுறிகள். இந்த இரண்டு நிலையிலும் கீழே உள்ளதை நீங்களே தொடங்கலாம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலில் ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள் (10ஆம் படி அதற்குத்தான்), பயிற்சியை அவரிடம் சொல்லிவிட்டுக் கூடவே செய்யலாம். இந்தத் தாள் நோயை உறுதி செய்யாது, யாரைப் பார்ப்பது என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உங்களையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 0 தவிர வேறு எது எழுதியிருந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். இந்தியாவில் இருந்தால் 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள், நோட்டெல்லாம் அப்புறம்.

நிரப்பிய தாளில் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். எட்டு வாரம் கழித்து இது வேண்டும்.

2. என்னென்ன வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது

ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா. எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அழகான அட்டை போட்ட டைரி வாங்கினால் கிறுக்கி எழுதக் கை வராது, மளிகைக் கடையில் தொங்கும் நோட்டுதான் இதற்குச் சரி.

போனில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் போனைத் திறந்த கையோடு வாட்ஸ்அப் கூப்பிடும், பத்து நிமிடம் போனதே தெரியாது. காகிதத்தில் எழுதும்போது எழுத்தின் வேகத்துக்கு எண்ணம் இறங்கி வருகிறது, எனக்கு அதுதான் வேலை செய்தது.

மூலநூல்களைப் படிக்க ஆசைப்பட்டால் காசு கொடுக்கத் தேவையில்லை. எபிக்டீட்டஸ் சொன்னதை அவருடைய மாணவர் அர்ரியன் சுருக்கித் தொகுத்த கையேடு, ரோமானியப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகள், இரண்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் காப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கையேட்டை ஒரு மதியத்தில் வாசித்து முடித்துவிடலாம். ஆங்கிலம் வாசிக்க வராது என்றாலும் பரவாயில்லை, கீழே உள்ள படிகளைச் செய்ய அது தேவைப்படாது.

வாங்கக் கூடாதவை: "21 நாளில் மனம் மாறும்" என்று விற்கும் வகுப்புகள். நான் விசாரித்த ஒரு வகுப்பில் பணம் கட்டிய பிறகுதான் பாடத்திட்டத்தையே காட்டுவோம் என்றார்கள். நடத்துபவரின் படிப்பு என்ன என்ற கேள்விக்கு நேரடியான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆண்டுச் சந்தா கேட்கும் செயலிகளும் தொடக்கத்தில் வேண்டாம்.

3. நேரம் ஒதுக்குவது

காலையில் ஐந்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம். அதற்கு மேல் ஒதுக்காதீர்கள், ஒதுக்கினால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். "தினமும் எழுதுவேன்" என்பது திட்டமே இல்லை. "பல் தேய்த்துவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன்" என்பதுதான் திட்டம். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் நடுமதிப்பு 66 நாட்கள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஊருக்குப் போனீர்கள், காய்ச்சல் வந்தது, எழுதவில்லை, சரி. மறுநாள் எழுதுங்கள். விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து எழுத உட்காராதீர்கள், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

எட்டு வாரக் கணக்கு இது: முதல் இரண்டு வாரம் 4ஆம் படி மட்டும். மூன்று, நான்காம் வாரங்களில் 5ஐச் சேருங்கள். ஐந்து, ஆறில் 6ம் 7ம். கடைசி இரண்டு வாரத்தில் 8, 9. ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பிரச்சினை கவலையோ கோபமோ அல்ல, எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடப்பதுதான் என்றால் 7ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். அந்த நிலையில் எண்ணங்களை ஆராய உட்கார்ந்தால் இன்னும் உள்ளே இழுக்கும்.

4. இரண்டு பத்தி: கையில் இருப்பது, இல்லாதது

எபிக்டீட்டஸின் கையேடு தொடங்குவதே இங்கேதான்: சில விஷயங்கள் நம் கையில் உள்ளன, சில இல்லை. இதைப் படித்துத் தலையாட்டுவதில் ஒரு பயனும் கிடையாது, எழுதினால்தான் உண்டு.

ராத்திரி பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். மேலே அன்றைக்கு மனதை அரிக்கும் ஒரு விஷயம், ஒன்றே ஒன்று. உதாரணத்துக்கு, வீட்டு ஓனர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

என் கையில் இல்லாதவை (இடது பத்தி): அவருடைய முடிவு. இந்த ஏரியாவில் இப்போது ஓடும் வாடகை. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு நடுவில் இது வந்து நிற்பது. புது ஓனர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பது.

என் கையில் இருப்பவை (வலது பத்தி): வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்று எழுதியிருக்கிறது எனப் பார்ப்பது. அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்ப வரும், பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார் என்று அவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குவது. பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு பார்ப்பது. அவரிடம் பேசும்போது குரலை உயர்த்தாமல் பேசுவது.

வலது பத்தியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி போடுங்கள். தேதி போட முடியாதது செயலே இல்லை, அடித்துவிடுங்கள். "நம்பிக்கையாக இருப்பது" என்று எழுதியிருந்தால் அதற்கு எந்தத் தேதியைப் போடுவீர்கள்?

வழக்கமாக எல்லோரும் தடுக்கி விழுவது நடுவில் நிற்கும் விஷயங்களில்: பிள்ளையின் மதிப்பெண், நேர்காணல் முடிவு, சர்க்கரை அளவு. இவற்றை இரண்டாக உடைக்க வேண்டும். நேர்காணலில் எடுப்பார்களா என்பது இடது பக்கம். அதற்கு முந்தைய நாள் மாலை என் வேலை அனுபவத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பழகுவது வலது பக்கம். பிள்ளையின் மதிப்பெண் இடது பக்கம், அவன் படிக்கும் நேரத்தில் டிவியை நிறுத்தி வைப்பது வலது பக்கம்.

இடது பத்தியில் எழுதியது மறுபடி மறுபடி தலைக்குள் வரும். வரட்டும். அதற்கென்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் தலைகாட்டினால் "ஆறரைக்குப் பார்க்கலாம்" என்று நோட்டில் ஒரு வார்த்தை குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள். கவலைக்கு நேரம் ஒதுக்குவது உளவியலில் 1980களிலிருந்தே இருக்கும் முறை. ஒரே நிபந்தனை, அந்த அரை மணி படுக்கப் போகும் நேரமாக இருக்கக் கூடாது.

5. எண்ணத்தைப் பிரித்து எழுதுவது

இதுதான் கொஞ்சம் கஷ்டமான படி, பலனும் இதில்தான் அதிகம். மனம் கலங்கிய ஒரு சம்பவத்தை எடுத்து ஆறு வரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு முழு உதாரணம் தருகிறேன்.

நடந்தது: பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. நேரில் வந்து வைக்கவில்லை.

தோன்றிய எண்ணம்: எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

உணர்ச்சி: அவமானம் 80, கோபம் 70 (நூற்றுக்கு).

எண்ணத்துக்கு ஆதரவான சான்று: இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்கு நேரில் போயிருக்கிறார்கள். போன தீபாவளிக்கும் போன் வரவில்லை.

எதிரான சான்று: பத்திரிகையோடு அண்ணி குரல் பதிவும் அனுப்பியிருக்கிறார், கட்டாயம் முந்தின நாளே வந்துவிடச் சொல்லி. எங்களுக்கு அவர்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி துணைக்கு இருந்தது அவர்தான்.

இப்போது நான் சொல்லக்கூடியது: நேரில் வராதது வருத்தம்தான். மதிப்பில்லை என்று அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. அவமானம் 40, கோபம் 30.

பார்த்தீர்களா, வருத்தம் பூஜ்யத்துக்கு வரவில்லை. வரவும் வேண்டாம். எண்பதிலிருந்து நாற்பதுக்கு வந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போகலாம், சாப்பிடலாம், நாலு பேரிடம் பேசலாம். எண்பதில் நின்றால் போகாமல் இருந்துவிட்டு அடுத்த பத்து வருஷத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்போம்.

தவறுகிற இடங்கள் மூன்று. முதல் வரியில் சம்பவத்தை எழுதும்போதே தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிடுவது: "அலட்சியமாகப் பத்திரிகை அனுப்பினார்கள்" என்பதில் 'அலட்சியமாக' என்ற சொல் சம்பவத்தில் இல்லை, நம் தலையில்தான் இருக்கிறது. கேமரா வைத்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது, கடைசி வரியில் இனிப்பாக ஏதாவது எழுதுவது. "அவர்களுக்கு என்மேல் கொள்ளைப் பாசம்" என்று எழுதினால் உங்களுக்கே நம்பிக்கை வராது, எண்ணும் குறையாது. மூன்றாவது, சான்றுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் உண்மைதான் என்று தெரியவரும்போது திகைத்து நிற்பது. உண்மையாகவே மதிக்கவில்லை என்றால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள். அவர்களின் மதிப்பு இடது பத்தி, மொய் எழுதிவிட்டு வருவதா வேண்டாமா என்பது வலது பத்தி.

இன்னொரு சின்ன உத்தி. எழுதும்போது "நான்" என்பதற்குப் பதில் உங்கள் பெயரைப் போட்டோ "நீ" என்றோ எழுதிப் பாருங்கள். தன்னைப் பெயர் சொல்லி அழைத்து யோசிப்பவர்கள் பதற்றத்தைக் கொஞ்சம் எளிதாகச் சமாளிக்கிறார்கள் என்று ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் தன் குழுவோடு 2014இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மார்கஸ் ஆரேலியஸும் தன் குறிப்புகளில் பெரும்பாலும் தன்னையே "நீ" என்றுதான் விளிக்கிறார்.

6. காலை ஐந்து நிமிடம்: இன்று என்ன வரும்?

மார்கஸின் குறிப்புகளில் இரண்டாம் பகுதி, இன்று தலையிடுபவர்களையும் நன்றிகெட்டவர்களையும் திமிர் பிடித்தவர்களையும் சந்திக்கப் போகிறாய் என்று காலையிலேயே தனக்குச் சொல்லிக்கொள்வதில் தொடங்குகிறது. நீங்களும் அன்றைக்கு நிச்சயம் வரப்போகும் ஓரிரு எரிச்சல்களை எழுதி, பக்கத்தில் "அப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். "பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் பையை முன்னால் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பேன்." "மேலாளர் கூட்டத்தில் குறுக்கிட்டால், அவர் முடிக்கும் வரை இருந்துவிட்டு 'ஒரு நிமிடம், இதை முடித்துவிடுகிறேன்' என்பேன்." இந்த "நடந்தால், செய்வேன்" வடிவம் வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

எச்சரிக்கை: ஏற்கெனவே பதற்றம் அதிகம் உள்ளவர்கள் இதில் விபத்து, வியாதி, சாவு என்று பெரிய விஷயங்களைக் கற்பனை செய்யாதீர்கள். ஸ்டோயிக் நூல்களில் அந்தப் பயிற்சியும் உண்டு, ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அது கவலையைத் தூண்டிவிடும். சில்லறை எரிச்சல்களோடு நிறுத்துங்கள். எழுதி முடித்ததும் படபடப்பு கூடினால் இந்தப் படியையே விட்டுவிடுங்கள்.

7. மனநிலைக்குக் காத்திராமல் செய்வது

மனசு சரியானதும் செய்யலாம் என்று வைத்திருக்கும் வேலைகளைச் செய்தால்தான் பெரும்பாலும் மனசே சரியாகிறது. செயலூட்டச் சிகிச்சை என்ற முறையின் அடிப்படை இது, மனச்சோர்வுக்கு நன்கு சோதிக்கப்பட்டது.

ஞாயிறு மாலை, வரும் வாரத்துக்கு இரண்டு வகை வேலைகளைக் குறியுங்கள். ஒன்று சந்தோஷம் தருவது: மொட்டைமாடியில் இருபது நிமிட நடை, பழைய சிநேகிதியோடு போன், பூச்செடி மாற்றி வைப்பது. இன்னொன்று முடித்தேன் என்ற திருப்தி தருவது: அடுப்படி ஷெல்ஃப் ஒன்றைத் துடைப்பது, மின் கட்டணம் கட்டுவது, கிழிந்த பையைத் தைக்கக் கொடுப்பது. நாள், நேரம் போடுங்கள். செய்வதற்கு முன் எவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, செய்த பிறகு இன்னொன்று போடுங்கள். சோர்ந்த மனம் பெரும்பாலும் குறைவாகவே கணிக்கும். "2" என்று எழுதிவிட்டுப் போன நடைக்குத் திரும்பி வந்து "6" போடும்போது, உங்கள் கையெழுத்திலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது, யார் சொல்லியும் வராத நம்பிக்கை அது.

பெரிதாகத் திட்டம் போடாதீர்கள். வீடு முழுக்க ஒழிப்பது என்று எழுதினால் நடக்காது, ஒரு ஷெல்ஃப் என்று எழுதுங்கள்.

8. ராத்திரிக் கணக்கும் வாராந்திர நன்றியும்

செனெகா என்ற ரோமானிய ஸ்டோயிக் தன் ராத்திரி வழக்கத்தை எழுதியிருக்கிறார். விளக்கை அகற்றிய பின், மனைவி இவர் வழக்கம் தெரிந்து பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்ப்பாராம். எதையும் தன்னிடம் மறைக்க மாட்டார். இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அந்த மன்னிப்பு வரியை விட்டுவிடாதீர்கள், விட்டால் இந்தப் பயிற்சி உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் நேரமாக மாறிவிடும். மூன்று வரி போதும்: எது சரியாகச் செய்தேன், எங்கே சறுக்கினேன், நாளை என்ன மாற்றுவேன்.

நன்றி எழுதுவதை வாரம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில் வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. தினமும் எழுதினால் "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று மந்திரம் போல ஆகிவிடுகிறது. மார்கஸின் முதல் பகுதி முழுக்க நன்றிதான், ஆனால் ஆள் ஆளாக, யாரிடமிருந்து எதைக் கற்றேன் என்று எழுதியிருப்பார். அதைப் பின்பற்றுங்கள்: ஒரு ஆள், அவர் செய்த ஒரு காரியம், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று. எழுதி முடித்ததும் முடிந்தால் அவருக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நாம் சாதாரணமாக நன்றியைச் சொல்வதில்லை, அதனால் முதலில் கூச்சமாக இருக்கும். மறுமுனையில் கேட்பவருக்கு அன்றைக்கு அது பண்டிகை.

9. வாரத்தில் ஒரு வேளை, குறைத்து

சில நாட்கள் மட்டமான சாப்பாடும் முரட்டுத் துணியுமாக இருந்துபார், இதற்கா பயந்தோம் என்று தோன்றும் என்பது செனெகா நண்பருக்குச் சொன்ன யோசனை. வாரம் ஒரு வேளை கஞ்சியும் துவையலும், அல்லது ஆட்டோவுக்குப் பதில் நடை, அல்லது ஏசி இல்லாமல் ஒரு ராத்திரி. கிடைத்தது எதுவும் சீக்கிரம் பழகிப்போய் ருசி குறைகிறது, கொஞ்ச நேரம் விலக்கி வைத்தால் ருசி திரும்புகிறது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், உணவு சம்பந்தமான மனநலப் பிரச்சினை இருந்தவர்கள் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு பெரிய பொறிகளைச் சொல்லியாக வேண்டும்

ஒன்று, ஸ்டோயிக் என்றால் உணர்ச்சியே இல்லாமல் இருப்பது என்ற நினைப்பு. சின்னச் சின்ன வீடியோக்கள் இதைப் பரப்பிவிட்டன, குறிப்பாக இளம் ஆண்கள் மத்தியில். பழைய ஸ்டோயிக்குகள் அப்படிச் சொல்லவில்லை. கெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர், கடல் புயலில் கப்பலே முழுகப் பார்த்தபோது உடன் வந்த ஸ்டோயிக் ஆசிரியர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, புயல் ஓய்ந்த பிறகு காரணம் கேட்கிறார். எபிக்டீட்டஸின் நூலைக் காட்டி அவர் சொன்ன விளக்கம்: திடீர் அதிர்ச்சியில் முகம் வெளுப்பதும் நடுங்குவதும் ஞானிக்கும் வரும், அது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. அதற்குப் பிறகு "ஆமாம், இது பயங்கரம்தான்" என்று ஒப்புதல் தருகிறோமா என்பதில்தான் வித்தியாசம். ஆகவே அழுகை வந்தால் அழுங்கள். துக்க வீட்டில் இந்த நோட்டைத் திறக்காதீர்கள். அதைவிட முக்கியம், அழுகிற இன்னொருவரிடம் போய் "இது உன் கையில் இல்லை" என்று பாடம் நடத்தாதீர்கள்.

இரண்டாவது பொறி, கொடுமையைப் பொறுத்துக்கொள்ள இதைக் கருவியாக்குவது. அடிக்கிற கணவர், சம்பளம் தராத முதலாளி, தொந்தரவு செய்யும் மேலதிகாரி, இவர்களை "என் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று சகிக்க வேண்டியதில்லை. அவர்களின் குணம் இடது பத்தி என்றால் புகார் கொடுப்பது, வெளியேறுவது, உதவி கேட்பது எல்லாம் வலது பத்தி. பெண்களுக்கான உதவி எண் 181. நீதியும் துணிவும் ஸ்டோயிக்குகளின் நான்கு நற்குணங்களில் இரண்டு, பொறுமை மட்டும் அவர்கள் பாடம் அல்ல.

10. நிபுணரைப் பார்ப்பது என்று முடிவானால்

யாரிடம்: மாத்திரை எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். பேச்சு வழிச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஒழுங்கான ஆள் உடனே சொல்வார்.

எங்கே, எவ்வளவு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, புறநோயாளி சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது, அங்கே போனாலே "பைத்தியம்" என்பார்களோ என்ற பயத்தை விட்டுவிடுங்கள், தூக்கம் வரவில்லை என்று வருபவர்களும் அங்கே வரிசையில் இருப்பார்கள். ஓ.பி. காலையில்தான், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள், அரை நாள் விடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கூட்டம் அதிகம், டாக்டரோடு கிடைக்கும் நேரம் குறைவு. தனியாரில் நான் விசாரித்த இடங்களில் ஒரு அமர்வுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை சொன்னார்கள். பெருநகரங்களில் இதற்கு மேலும் போகும். ஒரு அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், வாரம் ஒன்று. சி.பி.டி. பொதுவாக ஆறு முதல் இருபது அமர்வுகளுக்குள் முடியும். எத்தனை அமர்வு என்று முதல் நாளே கேட்டுப் பட்ஜெட் போடுங்கள். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் இரண்டு அமர்வு போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

காப்பீடு: உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும், கவுன்சிலிங் கட்டணம் அதில் வராது. பாலிசித் தாளில் புறநோயாளிச் செலவு உண்டா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அலுவலகத்தில் ஊழியர் நல ஆலோசனைத் திட்டம் இருந்தால் சில அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கலாம், மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு (சித்த மருந்து, சத்து மாத்திரை உட்பட). பழைய சீட்டுகள். சமீபத்தில் எடுத்திருந்தால் தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை முடிவுகள், ஏனென்றால் அந்தக் குறைபாடுகளும் சோர்வாகவே வெளிப்படும். தேதி போட்ட பி.எச்.க்யூ-9 தாள். உங்கள் நோட்டு. முதல் சந்திப்பில் என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதுவிட்டு வருபவர்கள் அதிகம், நோட்டில் இரண்டு பக்கம் காட்டினால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, தத்துவம் படித்துவிட்டேன் என்றும் நிறுத்தக் கூடாது.

11. எட்டாவது வாரம்

பி.எச்.க்யூ-9 தாளை மறுபடி நிரப்பி, பழையதோடு ஒப்பிடுங்கள். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, திரும்பத் திரும்ப வரும் ஆட்களையும் விஷயங்களையும் வட்டமிடுங்கள். ஒரே பெயர் பத்துப் பக்கத்தில் வந்தால் அது எண்ணத்தைச் சரிசெய்து தீரும் விஷயம் அல்ல, அந்த ஆளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எந்தப் படி எழுதும்போது சலிப்பாக இருந்ததோ அதை விட்டுவிடலாம். என் நோட்டில் நின்றவை இரண்டு பத்தியும் ராத்திரி மூன்று வரியும்தான், உங்களுக்கு வேறாக இருக்கும். எண்ணத்தைப் பிரித்து எழுதுவதை மட்டும் தினமும் செய்ய வேண்டியதில்லை, மனம் கலங்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் குறையவில்லை அல்லது ஏறியிருக்கிறது என்றால் இன்னொரு எட்டு வாரம் முயலாதீர்கள், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.